கோபுரம் ஏறிய மாடு

"என் சாவியைப் பிடுங்கப் பாக்குறாங்க, மாடோக். உசுரே போனாலும் குடுக்க மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே மாடோக்கின் சமையலறைக்குள் நுழைந்தாள் டெக்வென்.

அந்த வேல்ஸ் மலையூரின் பாழடைந்த கோட்டைக்குச் சாவி அவள் வீட்டு ஆணியில்தான் தொங்கும். பார்க்க வருகிறவர்கள் கதவைத் தட்டி வாங்கிப் போவார்கள். இப்போது, புயலில் கோபுர உச்சியிலிருந்து கல் விழுந்துவிட்டது, ஆபத்து, கோட்டையை மூடியே ஆக வேண்டும் என்று ரோட்ரி பியூ கிளப்பிவிட்டிருந்தான். கோட்டைக்குப் போகும் பாதை அவன் வயல் வழியாகத்தான் போகிறது. மதியம் அதிகாரிகள் பூட்டு போட வருகிறார்கள்.

ஓய்வுபெற்ற போலீஸ்காரர் மாடோக் தேநீரைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தார். அவர் தங்கை மகள் நெஸ்ட் அதற்குள் கிளம்பத் தயாராகி வாசலில் நின்று துடித்துக்கொண்டிருந்தாள்.

மூவரும் கோட்டைக்குப் போனபோது கல் கோபுரத்தடியில் கிடந்தது. பக்கத்தில் ரோட்ரி நின்றிருந்தான்.

"கோட்டைக் கல்லேதான், மாமா. கோட்டையக் கட்டின கொத்தன் தன் அடையாளமா வெட்டின அம்புக்குறி இருக்கு" என்றாள் நெஸ்ட். அவளுக்கு அழுகை வந்தது.

ரோட்ரி சிரித்தான். "அந்தக் காலத்துக் கொத்தனே எனக்குச் சாட்சி."

மாடோக் கல்லின் ஓரத்தைத் தடவினார். அங்கே மட்டும் வழுவழுவென்று இருந்தது. விரிசலில் நாலைந்து செம்பட்டை மயிர்கள்.

"நெஸ்ட், கோட்டைக் கல்லு கோட்டையில மட்டுமா இருக்கு?"

"எங்கதான் இல்ல? இடிஞ்ச காலத்துல ஊரே அள்ளிட்டுப் போச்சே. எங்க அடுப்படியிலகூட..." அவள் சட்டென்று நிறுத்தினாள். "ரோட்ரி போன மாசம் மாட்டுக்கொட்டகைய இடிச்சாரு, மாமா."

"அந்தக் கொட்டகை வாசல் கல்லுதான் இது. தலைமுறை தலைமுறையா மாடுங்க உரசி உரசி மழுங்கியிருக்கு. மயிரும் ஒட்டியிருக்கு. ஏம்ப்பா ரோட்ரி, கோபுர உச்சிக்கு எந்த மாட்ட ஏத்தின?"

ரோட்ரிக்கு முகம் வெளிறிப்போனது. "என் வயல்ல கண்டவனும் நடக்குறான்" என்று முணுமுணுத்தான்.

"நடப்பாங்க" என்றாள் டெக்வென். "ராஜாவோட படையாலயே இந்தக் கதவ அடைச்சு வைக்க முடியல. நீ எம்மாத்திரம்?"

அதிகாரிகளின் வண்டி வந்தபோது கோட்டைக் கதவு விரியத் திறந்திருந்தது. டெக்வென் மடியில் சாவியோடு அந்தக் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். ரோட்ரி அதைத் தூக்கிப்போக வந்தான்.

அவள் நகரவில்லை. "உங்க பாட்டன் பூட்டன் எடுத்துட்டுப் போனதுல ஒண்ணையாவது திருப்பிக் குடுத்தியே. இங்கயே கிடக்கட்டும்."