தினமும் மறந்துபோகும் கார்

வண்டிகளை ஏற்றி வரும் ஜங்கார் படகின் இரும்புப் பலகை கரையைத் தொட்டதும், முதலில் இறங்க வேண்டிய வெள்ளைக் கார் உறுமியது... தடுமாறியது... நின்றுவிட்டது.

பின்னால் ஹாரன் சத்தம். “எந்தா சேட்டா, வண்டி எடுக்கு” என்று ஓர் ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டினார். அடுத்த வரிசையில் ஸ்கூட்டரில் நனைந்துகொண்டிருந்த ஸாதனாவுக்குக் கோபம் வரவில்லை. காதைத்தான் தீட்டிக்கொண்டாள். மறுபடி கிளம்பிய அந்த எஞ்சின் மூச்சு வாங்கியது, இழுத்தது, அணைந்தது. இது பெட்ரோல் தீர்ந்த சத்தம் இல்லையே...

ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுப் போய்க் கண்ணாடியைத் தட்டினாள். கண்ணாடி இறங்கியது.

முதலில் தெரிந்தவை கண்கள். மழைக்கு அப்பால் இரண்டு பெரிய, பயந்த கண்கள். இவ்வளவு உயரமான மனிதனுக்கு இவ்வளவு பயமா என்று நினைத்தாள். நினைத்தவள் ஏனோ பார்வையை எடுக்க மறந்தாள். பின் சீட்டில் நிறைமாதத்தை நெருங்கும் ஒரு பெண், கை நிறையக் கண்ணாடி வளையல்களோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“க்ளட்ச்சை மிதிச்சுண்டு ஆக்ஸிலேட்டர்ல லேசா கால் வைங்கோ. எடுக்கவே எடுக்காதீங்கோ.”

“எனக்கு வண்டி ஓட்டத் தெரியும் மேடம்.”

“தெரியறது. அதான் மொத்த ஜங்காரும் பாத்துண்டிருக்கு.”

பின் சீட்டில் வளையல்கள் குலுங்கின. அந்தப் பெண் சிரித்துவிட்டாள். அவன் முகம் சிவந்தது. ஆனாலும் சொன்னபடி கால் வைத்தான், கார் கரையேறியது.

அவன் பெயர் இசக்கிராஜா. பள்ளுருத்தியில் வீடு, மட்டாஞ்சேரியில் ஒரு ஹோட்டலில் சமையல். வளைகாப்பு முடிந்த தங்கை பொன்மணியை அக்கரையில் வைப்பினில் இருக்கும் அவள் புருஷன் வீட்டிலிருந்து பிரசவத்துக்கு அழைத்து வருகிறான். மாப்பிள்ளை மஸ்கட்டில். வலி எடுத்தால் தேவரா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக இந்தக் கார்தான். போன வாரம் செக்கப்புக்குப் போகும்போது தோப்பும்படி பாலத்தின் நடுவில் நின்றுவிட்டதாம். அதை நினைத்து நினைத்து அவனுக்குத் தூக்கமே போய்விட்டது.

இதெல்லாம் மறுநாள், கூவப்பாடத்தில் ஸாதனாவின் ஒர்க்‌ஷாப்பில் அவன் சொல்லித் தெரிந்தது. ஆட்டோமொபைல் படித்துவிட்டு, அப்பா வீட்டு முன்வாசலிலேயே அவள் நடத்தும் இடம். காரின் மூளையோடு பேசுகிற வேலை என்று அப்பா ஊரெல்லாம் பெருமையடிப்பார்.

லேப்டாப்பைக் காரோடு இணைத்துப் பார்த்தவள் புருவத்தைச் சுருக்கினாள். “ஆறு வருஷத்து வண்டி. உள்ளே ஒண்ணுமே ஞாபகம் இல்லை. பேட்டரியை யாராக்கும் கழட்டறது?”

அவன் கூரையைப் பார்த்தான். டயரைப் பார்த்தான். “நான்தான்.”

“எப்போ?”

“தினம் சாயங்காலம்.”

ஸாதனாவுக்குச் சிரிப்பு வந்தது. அவன் சிரிக்கவில்லை. போன கார்த்திகையில் கடல் பொங்கி ஏறும் வேலியேற்றத்தின்போது உப்புத் தண்ணீர் தெருவுக்குள் வந்ததையும், பக்கத்து வீட்டு வண்டி வயரிங் புகைந்து எரிந்ததையும் கம்மிய குரலில் சொன்னான். “அன்னியிலேருந்து கழட்டி வச்சுட்டுத்தான் படுக்கேன் மேடம்.”

அவள் பொறுமையாக விளக்கினாள். பழைய சொந்தக்காரர் ஆசைப்பட்டு வேறு ஃபில்டரும் வேறு சைலன்ஸரும் மாட்டியிருக்கிறார். எஞ்சினுக்குள் கூடுதலாகக் காற்று போகிறது. அதற்குத் தகுந்த பெட்ரோல் எவ்வளவு, ஓட்டுகிறவரின் கால் எப்படி என்று கம்ப்யூட்டர் ஓட ஓடத்தான் பழகும். “பேட்டரியை எடுத்தா இந்த வண்டி கத்துண்டதெல்லாம் போயிடும். கார்த்தால எழுந்து நீங்க யாருன்னு கேக்கும். பாவம், அது மேல தப்பில்லை.”

“பழக எவ்வளவு நாள் ஆகும்?”

“அது உங்க கையிலயும் இருக்கு... கால்லயும் இருக்கு.”

சிக்னலில் நிற்க வேண்டும், நெரிசலில் ஊர வேண்டும், திறந்த சாலையில் சீராகவும் போக வேண்டும். எல்லாம் பழகினால்தான் பாலத்தில் நிற்காது. அதனால் இனிக் கழட்டுவதில்லை என்று ஒப்புக்கொண்டான். தினமும் காலை டிபன் வேலை முடிந்ததும் அவன் வருவான். மடியில் லேப்டாப்போடு அவள் பக்கத்து சீட்டில் ஏறிக்கொள்வாள். தொழில்தான்... வேறென்ன என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். அவன் சாயா வாங்கித் தருவான். அவள் திரையில் ஓடும் கோட்டைக் காட்டிச் சீண்டுவாள்.

“உங்க கால் பாருங்கோ. லேசா அமுக்கறது, உடனே பயந்து எடுக்கறது. இப்படியா சாம்பாருக்கு உப்பு போடுவேள்?”

“உப்பு கூடிட்டா எடுக்க முடியாதுல்லா.”

அவன் சிரிக்கும்போது அந்தக் கண்களிலிருந்து பயம் கொஞ்சம் விலகும். அதைப் பார்ப்பதற்காகவே அவள் வேடிக்கை பேசினாள். ஒவ்வொரு நாளும் திரும்பி வரும்போது அவன் நன்றாகச் சிரித்துப் பேசியிருப்பான். மறுநாள் காலையிலோ, “வணக்கம் மேடம்” என்று முதலிலிருந்து ஆரம்பிப்பான். நேற்றுப் பேசியது யாரோ வேறு ஆள் போல... அது அவளுக்கு வலித்தது. ஏன் வலிக்கிறது என்று யோசிக்கவும் பயமாக இருந்தது.

கார்த்திகை பிறந்து சில நாள் ஆகியிருக்கும். லேப்டாப்பை இணைத்தவள் கை நின்றுபோனது. உள்ளே மறுபடி எல்லாம் காலி.

“கழட்டினேளா?”

“தண்ணி ஏறிச்சு. பேடி வந்துட்டு.”

“பேடியாம், பயமாம்... நம்பிக்கை இல்லேன்னா எங்கிட்ட எதுக்கு வந்தேள்? பாலத்துல நின்னா அந்தப் பொண்ணு என்ன பண்ணும்?”

அவன் நிமிர்ந்தான். “நீங்க மேட்டுல இருக்கீங்க மேடம். உங்க வாசலுக்குத் தண்ணி வராது. பேச எளுப்பம்.”

காரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அடுத்த நாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. ஸாதனா கோபத்தை இறுக்கிப் பிடித்துப் பார்த்தாள், அது நிற்கவில்லை. பொன்மணிக்கு நாள் நெருங்குகிறதே என்ற பதைப்புதான் மிஞ்சியது. மறுநாள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பள்ளுருத்திக்குப் போனாள்.

தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். சமையலறைப் பாத்திரங்கள் கட்டில் மேல் ஏறியிருந்தன. அவன் அம்மா பேச்சியம்மாள் முறத்தால் தண்ணீரை வாசலுக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். காரின் நான்கு சக்கரத்துக்கும் கீழே செங்கல் அடுக்கி உயர்த்தி வைத்திருந்தான், அப்படியும் தண்ணீர் கதவைத் தொட்டுக்கொண்டிருந்தது. கார் எங்கே நிற்கிறது என்று ஒரு தடவைகூடக் கேட்காமல் திட்டினோமே என்று ஸாதனாவுக்கு வெட்கமாக இருந்தது.

“உங்க பயம் நியாயம்தான். நான் கேக்காம பேசிட்டேன்” என்றாள். “வண்டியை எங்காத்து முற்றத்துல விடுங்கோ. அங்கே தண்ணி வராது, கழட்டவும் வேண்டாம்.”

“சும்மா உபகாரம் வாங்கிப் பழக்கமில்ல.”

“எனக்கும் சும்மா குடுத்துப் பழக்கமில்லை. தினம் ஒரு மசால்தோசை. அப்பாவுக்கு ரெண்டு.”

அன்று சாயங்காலம் தண்ணீர் வடிந்ததும் கார் அவள் வீட்டு முற்றத்துக்கு வந்தது. அவன் சாவியை நீட்டினான். “கழட்டல” என்றான். அவள் சாவியை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

கார் மெல்ல மெல்லப் பழகிக்கொண்டது. பொன்மணிக்கோ டாக்டர் சொன்ன தேதிக்கு முன்பே, ஒரு மழைக் காலையில், ஸாதனா கோலம் போட வெளியே வந்த நேரத்தில் வலி எடுத்துவிட்டது. போனில் அவன் குரல் உடைந்து வந்தது. ஈர மாவுக் கையோடு காரைக் கிளப்பினாள். அவன் தெருமுனையில் தண்ணீர். அதற்கு நடுவே தங்கையைத் தூக்கிக்கொண்டு அவன் வருகிறான், பின்னால் குடையோடு பேச்சியம்மாள்.

“நீங்க ஓட்டுங்கோ. வண்டிக்கு உங்க கால்தான் பழக்கம்” என்று ஸாதனா நகர்ந்து உட்கார்ந்தாள்.

தோப்பும்படி பாலத்தில் பள்ளிக்கூட பஸ்கள் வரிசையாக நின்றன. நடுப்பாலம். அதே இடம். பின்னால் பொன்மணி முனகினாள், வளையல்கள் நடுங்கின. வைப்பர் அடிக்கிறது, ஹெட்லைட் எரிகிறது... எஞ்சின் சத்தம் இறங்கியது. எஞ்சின் வேகம் காட்டும் முள் கீழே சாய்ந்தது. அவன் கால் பதறி ஆக்ஸிலேட்டருக்குப் பாய்ந்தது.

“வேண்டாம்” என்றாள் ஸாதனா. “காலை எடுங்கோ.”

“நின்னுரும்...”

“எடுங்கோ, இசக்கி. அதுவே பாத்துக்கும்.”

அவன் அவளைப் பார்த்தான். அந்தப் பெரிய கண்களில் பயம் அப்படியே இருந்தது. இருந்தும் காலை எடுத்தான்.

முள் இன்னும் கொஞ்சம் இறங்கியது. கோவில் வாசலில்கூட ஸாதனா அப்படி வேண்டிக்கொண்டதில்லை. பிறகு யாரும் தொடாமலேயே எஞ்சின் தன்னைப் பிடித்துக்கொண்டது. முள் மேலேறி, ஓரிடத்தில் அசையாமல் நின்றது. பேச்சியம்மாள் பின்னால் “எம்மா தாயே” என்று மூச்சு விட்டார். பஸ்கள் நகர்ந்தன.

பொன்மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. செய்தி கேட்டதும் இசக்கிராஜா அழுதுவிட்டான். பேச்சியம்மாள் உள்ளே பேத்தியைப் பார்க்கப் போக, அவன் ஸாதனாவோடு வெளியே கார் நிற்கும் இடத்துக்கு வந்தான். மழை தூறலாகியிருந்தது. பழக்கத்தில் பானெட் மேல் கை வைத்தான். திறக்கவில்லை.

“மேடம்...”

“மறுபடியும் மேடமா? நானும் பாத்துண்டேதான் இருக்கேன். சாயங்காலம் நன்னாப் பேசறேள், கார்த்தால யாரோன்னு பாக்கறேள். காரை மட்டுமா தினம் கழட்டி வைக்கறேள்?”

அவன் பானெட்டையே பார்த்தான். “ஆமா... உங்களப் பிடிச்சிருக்கு. ஒங்க வீடு எங்க, எங்க வீடு எங்க... இது வேண்டாம்னு தினம் ராத்திரி கழட்டி வச்சுட்டுத்தான் படுக்கேன். காலைல எந்திச்சுப் பாத்தா ஒண்ணும் மறக்கல. எல்லாம் அப்படியே இருக்கு ஸாதனா.”

அவள் கண் நிறைந்துவிட்டது. அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்ற பயம் அவளுக்கும் இல்லாமல் இல்லை. தோசையை ருசித்தவர் மாப்பிள்ளையை ஏற்பாரா, யார் கண்டது. ஆனாலும் பானெட் மேலிருந்த அவன் கையின் மேல் தன் கையை வைத்தாள். கோலமாவு இன்னும் விரலிடுக்கில் காய்ந்திருந்தது.

“எனக்கும் பயமாத்தான் இருக்கு” என்றாள். “இருந்துட்டுப் போகட்டும். இனிமே கழட்டாதீங்கோ.”