பிரேக்கர் ஏன் விழவில்லை?

சனிக்கிழமை, காலை 10.20.

மெல்பேர்னின் ரோவில் புறநகர் விளையாட்டரங்கில் ரோபோக்களின் தள்ளுப்போட்டி. எதிராளியைத் தள்ளிக்கொண்டிருக்கும்போதே தமிழ் அணியின் ரோபோ புகை கக்கிச் செத்தது. இடது மோட்டருக்குப் போன வயர் கருப்பு உறையோடு உருகிக் கிடந்தது. மின்னோட்டம் மிஞ்சினால் விழுந்து அதைக் காக்க வேண்டிய நாற்பது ஆம்பியர் பிரேக்கரோ ஒன்றும் தெரியாத பிள்ளைபோல விழாமல் நின்றது. அடுத்த ஆட்டம் 12.30க்கு.

"பிரேக்கர் தெரிவுசெய்தது ஸ்ரீகாந்த்தானே?" என்றான் ரோபோவை ஓட்டிய சுஜீதன்.

ஸ்ரீகாந்த் கோயம்புத்தூரிலிருந்து வந்து நான்கு மாதம்தான். மெல்பேர்னில் அவனுக்குக் கிடைத்த ஒரே கூட்டம் இந்த அணி.

"ஆமா. வயரும் நான்தான் இழுத்தேன். கணக்கு சரியாத்தான் இருந்துச்சு. தப்புன்னா விலகிக்கறேன்."

அணித்தலைவர் இந்திரகுமார் தரையைப் பார்த்தபடி நின்றார்.

அணியின் குறிப்பேட்டை வைத்திருப்பவள் மயூரா. வார நாட்களில் ஆஸ்பத்திரிக் கருவிகளைச் சோதிப்பவள். பழுது என்றால் மூக்கை நுழைக்காமல் இருக்கமாட்டாள்.

10.45.

"வியாழக்கிழமை ரோபோவின்ரை நிறை என்ன?" என்று கேட்டாள் மயூரா.

"ஐம்பது கிலோவுக்கு இருபது கிராம் குறைவு," என்றான் ஸ்ரீகாந்த். ஐம்பதைத் தாண்டினால் ஆட்டத்தில் சேர்க்கமாட்டார்கள்.

"இண்டைக்கு?"

"முப்பது கிராம் குறைவு. காலமை நான்தான் நிறுத்துப் பாத்தனான்," என்றான் சுஜீதன்.

மயூரா ரோபோவுக்குள் டோர்ச் அடித்தாள். பற்றரிக்குப் பக்கத்தில் பித்தளைப் பிள்ளையார்.

"இவர் எப்ப ஏறினவர்?"

"நேற்றுப் பின்னேரம் பூசை செய்து நான்தான் குடுத்தனான், பிள்ளை," என்றார் பவளம் அன்ரி, இந்திரகுமாரின் மாமியார். "மருமேன்தான் ஸ்குரூ போட்டு இறுக்கினவர்."

மயூரா பிள்ளையாரைக் கழற்றித் தராசில் வைத்தாள். நானூறு கிராம். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

11.05.

"இந்திரன் அண்ணை, வயரை மாத்தினது நீங்கள்தான்."

எல்லோரும் திரும்பினார்கள்.

"பிள்ளையார் ஏறியும் நிறை கூடேல்லை. அப்ப வேற என்னவோ இறங்கியிருக்கு." வலது மோட்டர் வயரின் கருப்பு உறையை அவள் கத்தியால் கீறினாள். உள்ளே மெல்லிய வயர். "ஸ்ரீகாந்த் போட்டது ஆறு சதுர மில்லிமீற்றர். நாற்பது ஆம்பியருக்கு அது தாங்கும். இது ஒன்றரை. முப்பது ஓடினாலே வெந்துபோகும். பிரேக்கருக்கோ நாற்பதைத் தாண்டினால்தான் சுடும். தடிச்ச வயருக்குப் பாத்து வாங்கின பிரேக்கர் மெல்லிசு வயரைக் காப்பாத்தாது."

இந்திரகுமார் நெற்றியைத் துடைத்தார். "மாமி வச்ச பிள்ளையாரை நான் எப்பிடி இறக்கிறது? பிரேக்கர் இருக்குத்தானே, மிஞ்சினால் விழும் எண்டு நினைச்சன். பழைய வயர் கார் டிக்கியிலை கிடக்கு."

"ஐயோ, என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே!" அன்ரி பிள்ளையாரை எடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அரங்கின் அந்த மூலையே சிரித்தது.

ஸ்ரீகாந்த் சிரிக்கவில்லை. இந்திரகுமார் அவன் முன்னால் போய் நின்றார்.

"நீர் விலகிறன் எண்டு சொல்லேக்கையும் நான் வாய் திறக்கேல்லை. வயரை மாத்தினதை விட அதுதான் பெரிய பிழை. மன்னிச்சுக்கொள்ளும் தம்பி."

ஸ்ரீகாந்த் அவர் பக்கம் கையை நீட்டினான்.

"கார் சாவியைக் குடுங்க. இனிமே என் வயர்ல கை வைக்கணும்னா என்னைக் கேட்டுட்டு வைங்க."

இந்திரகுமார் சாவியைக் கொடுத்தார். மயூராவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. விலகப் போகிறவன் இப்படி அதட்டமாட்டான்.