யோகலட்சுமியின் ஆவணிப் படங்கள்

ஆடிச் சாரல் விடாமல் விழுந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், விஜயசங்கர் இலத்தூர் வீட்டின் பூட்டைத் திறந்தான். அப்பா ஜெகதீஸ்வரன் போய் ஒன்றரை வருஷம். மறுநாள் ஆடி அமாவாசை. குற்றாலத்து ஆற்றங்கரையில் திதி கொடுத்துவிட்டு, வீட்டுச் சாமான்களையும் ஒழித்துவிட்டுச் சென்னைக்கு ரயிலேறுவதாக ஏற்பாடு. கூட வந்த சித்தப்பா குத்தாலிங்கம், வந்ததும் முன்கூடமான பட்டாசலில் கிடந்த பெஞ்சில் சாய்ந்து வெற்றிலைக்கு நரம்பு கிள்ள ஆரம்பித்துவிட்டார்.

அம்மா யோகலட்சுமி, சங்கரின் மூன்றாவது வயதில் ஐந்தருவியில் வழுக்கி விழுந்து செத்தவள். வீட்டில் இருந்தது அவளுடைய ஒரே ஒரு படம். மாலை போட்டு, கண்ணாடிமேல் வருஷாவருஷம் குங்குமம் வைத்து, முகத்தில் பாதிக்குக் குங்குமம்தான் தெரியும். அம்மாவின் முகத்தை ஒரு தடவை முழுசாகப் பார்த்துவிட வேண்டும் என்பது நாற்பத்தாறு வயதிலும் தீராத ஆசை.

அன்றைக்குத் தீர்ந்தது.

அப்பாவின் டிரங்குப் பெட்டியில், பட்டு வேட்டிக்கு அடியில், நாற்பத்தொரு தபால் கவர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு போட்டோ. செங்கோட்டை ஸ்டுடியோ ஒன்றின் ரப்பர் முத்திரை, ஆவணி மாதத் தேதி. நாற்காலியில் ஒரு பெண். பின்பக்கம் நீல மையில்: "சங்கருக்குக் காட்டவும்."

முதல் படமே அவள் செத்து ஒரு வருஷம் கழித்து எடுத்தது.

பெட்டியோடு வந்து சித்தப்பாவின் முன்னால் உட்கார்ந்தான்.

"சித்தப்பா, அம்மா நெசமாவே செத்தாளா?"

குத்தாலிங்கம் வெற்றிலையை மடித்தார். "இல்லலே. கோவிச்சிட்டுப் போனா. ஒன்னையக் கேட்டு கோர்ட்டுக்குப் போவேன்னு ஆள் விட்டா. ஒங்கப்பா படத்துக்கு மாலையப் போட்டுட்டாரு. மாலை போட்டவ எந்தக் கோர்ட்டுல வந்து நிப்பா?"

"நான் பத்து வயசுலேருந்து திதி குடுத்திருக்கேன். முப்பத்தாறு வருஷம்."

"ஒரு வருஷம்கூட விடல. நல்ல புள்ளைன்னு ஊரே சொல்லுது."

"ஐயருகிட்ட நீங்கதான பேரு சொன்னிய?"

"மூணு தடவ சொல்லணும்லா."

சங்கர் படங்களைத் தேதிவாரியாகப் பெஞ்சில் அடுக்கினான். முதல் ஆறு படங்களில் அம்மா முழுசாக இருந்தாள். இடது புருவத்தில் சின்ன வெட்டுத் தழும்புகூடத் தெரிந்தது. ஏழாவது படம், அவன் முதல்முறை எள்ளும் தண்ணீரும் விட்ட வருஷத்து ஆவணி. அதில் அவளுடைய சுண்டு விரல் இல்லை. வெட்டுப்பட்டது போலவும் இல்லை. விரல் இருக்க வேண்டிய இடத்தில் நாற்காலியின் பிரம்புப் பின்னல் தெரிந்தது.

பன்னிரண்டாவதில் கை இல்லை.

இருபதாவதில் கால் இல்லை. செருப்பு மட்டும் தரையில் இருந்தது.

கண்கள் மட்டும் மிச்சமிருந்த படத்தை அவன் கவிழ்த்து வைத்தான்.

கடைசிப் படத்தில், நாற்காலியில் சேலை உட்கார்ந்திருந்தது.

படங்களிலிருந்து ஈர எள்ளின் வாடை வந்தது. அப்பா இதற்கு வெளியாளை அமர்த்தவில்லை. பெற்ற பிள்ளையின் கையாலேயே, வருஷத்துக்குக் கொஞ்சமாக, அவளைக் கரைத்திருக்கிறார். திதி முடிந்ததும் குற்றாலத்தில் சூடாக வடையும் வாங்கித் தந்திருக்கிறார்.

கவரிலிருந்த நம்பருக்குப் போன் போட்டான். ஸ்டுடியோக்காரர் முகம்மது மீரான் எடுத்தார்.

"அந்தம்மாவா? வருஷம் தவறாம வருவாங்க சார். முந்தி கண்ணுக்குத் தெரிவாங்க, போன வருஷத்துலேருந்து குரல்தான். உக்காந்துட்டேன் தம்பிம்பாங்க, நான் எடுத்துருவேன்."

"பயமா இல்லையா?"

"எதுக்கு சார்? கண்ண மூடிட்டேன், இன்னொண்ணு எடுங்கன்னு ஒரு நாள் சொன்னதில்ல. போன வருஷக் கவர் திரும்பி வந்துட்டு, ஆள் இறந்துட்டார்னு எழுதி. இந்த வருஷம் ஆவணிக்கு முந்தியே, இன்னைக்குக் காலையில வந்துட்டாங்க, அப்ப சொன்னேன். அப்ப தடுக்க ஆளில்ல, புள்ளையக் கூட்டிட்டு வந்துருதேன்னு எந்திரிச்சாங்க."

"எப்போ?"

"இலத்தூர் பஸ்ஸுக்கு மணி கேட்டாங்க. இதுக்குள்ள வந்திருக்கணுமே."

சாரல் ஓய்ந்திருந்தது. அதனால்தான் கேட்டது.

வாசல் நடையில், ஈரத்துணி தரையில் இழுபடுகிற சத்தம்.

எள் வாடை மூச்சை அடைத்தது. குத்தாலிங்கத்தின் மடியிலிருந்து வெற்றிலைகள் சரிந்தன. "மதினி" என்றார், உதடு மட்டும் அசைய.

"அம்மா, எனக்குத் தெரியாது" என்றான் சங்கர். "தெரிஞ்சிருந்தா குடுத்திருக்க மாட்டேன்."



அவன் வலது மணிக்கட்டை ஐந்து குளிர்ந்த விரல்கள் பற்றின. மூன்று வயதுப் பிள்ளையை ரோட்டைக் கடத்திக் கூட்டிப்போகிறவளின் பிடி. உதறியிருக்கலாம். அவன் உதறவில்லை.

சித்தப்பா எழுந்தார். கதவுக்குப் பின்னால் பார்த்தார், பெஞ்சுக்கு அடியில் பார்த்தார். பிறகு அவன் முகத்துக்கு நேராக ஒரு முழ தூரத்தில் வந்து நின்று, அவனுக்குப் பின்னாலிருந்த சுவரைப் பார்த்தார்.

"ஏலே சங்கரு, எங்கலே போயிட்ட?"

"இங்கனதான் நிக்கேன் சித்தப்பா."

குத்தாலிங்கம் சத்தம் வந்த பக்கம் கையை நீட்டித் துழாவினார். ஒன்றும் தெரியாத அந்த இடத்தில், அவர் விரலில் பட்டது நனைந்த சேலைத் தலைப்பு.