சூடம் ஏற்றாத நாற்பது நாள்

ராஜாவுக்கு மருந்து கொடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தலையை அமுக்கிப் பிடிக்க, இன்னொருவர் கடி வாங்க. பன்னிரண்டு வருடமாக அந்த வீட்டு நாய்க்கு அதுதான் வழக்கம். அப்படிப்பட்டவன் இந்த ஹோமியோபதி உருண்டைக்கு மட்டும், விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சரியாகப் பின்வாசலுக்கு வந்து நாக்கை நீட்டினான். பின்கதவின் மேல்பாதி கம்பி, கீழ்ப்பாதி தகரம். தகரத்தில் துரு தின்ற ஓட்டை ஒன்று இருந்தது. முதல் நாள் நவமணி "ராஜா" என்று ஒருமுறை கூப்பிட்டதும், அந்த ஓட்டை வழியாக நாக்கு வந்தது. அவளுக்கு வினோதமாகத்தான் பட்டது. ஆனால் இந்தச் சனியன் பிடித்த வைத்தியத்தில் ஒழுங்காக நடந்த ஒரே காரியம் அதுதான் என்பதால், அதை அவள் நோண்டவில்லை.

காது முதல் வால்வரை சொறி. சுங்கை சிப்புட் டவுனில் ஊசி போட்டால் பத்து நாள் அடங்கும், பிறகு இரண்டு மடங்காகக் கிளம்பும். இரத்தம் சோதிக்க ஈப்போவுக்குக் கொண்டு போகச் சொன்னார்கள். லோரி ஓட்டுகிற அவள் கணவன் சுகுமாரன் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டில் தலை காட்டுகிறவன். ஈப்போவுக்குப் பதிலாக அவன் ஒரு போன் நம்பரைக் கொடுத்தான். புந்தோங்கில் இருக்கும் பிச்சைமுத்து, தபால் நிலையத்திலிருந்து ஓய்வு பெற்றவர், நாய்க்கும் மாட்டுக்கும் சர்க்கரை உருண்டை கொடுப்பவர். கையால் தொடக்கூடாது, போத்தல் மூடியில் நாலு உருண்டை எடுத்து நேராக நாக்கில் கொட்டவேண்டும், எல்லாவற்றுக்கும் மேலே வீட்டில் சூடம் வாடையே ஆகாது, பட்டால் மருந்து செத்துவிடும் என்றார்.

அந்தத் தோட்டத்து லயத்தில் வரிசையாகப் பதினாறு வீடு. ரப்பர் மரம் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்தபிறகு ஒவ்வொருவராகக் கிளம்பி, இப்போது குடியிருப்பது நவமணி மட்டும். அங்கே இருந்தவர்கள் எல்லோருமே பொழுது சாய்ந்ததும் பின்வாசல் படியில் ஒரு வில்லை சூடம் ஏற்றுவார்கள். எதற்கென்று யாரும் கேட்டதில்லை. வாசல் தெளிப்பது போல அதுவும் ஒரு வேலை. பக்கத்து வீட்டு ராக்காயி டவுன் அடுக்குமாடிக்குப் போகும்போது, மிச்சமிருந்த சூடத்தையெல்லாம் இவளிடம்தான் கொடுத்துவிட்டுப் போனாள். நவமணி ஒரு வில்லை விடாமல் மூட்டை கட்டிக் கோயிலில் கொடுத்துவிட்டாள். அரைகுறையாகச் செய்துவிட்டு மருந்தைக் குறை சொல்கிற ஆள் இல்லை அவள்.

ஆனால் ராஜா தேறவில்லை. பகலெல்லாம் முன்பக்கம் கொய்யா மரத்தடியில் கிடந்தான். ரோமம் கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. "மொதல்ல கூடும்க்கா, அப்புறந்தான் கொறையும், நாப்பது நாள் பொறுங்க" என்று பிச்சைமுத்து சொன்னதையே சொன்னார். அவள் பொறுத்தாள். எரிச்சல் தலைக்கேறினாலும் பொறுத்தாள். வாரத்தில் ஆறு நாள் அவளோடு அந்த வீட்டில் மூச்சு விடுகிற ஒரே உயிர் அது. அது போய்விட்டால் இந்தப் பதினாறு வீட்டு இருட்டில் தனியாக இருக்கத் தன்னால் முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

நாற்பதாம் நாள் வெள்ளிக்கிழமை. மூன்று மணிக்கே மழை பிடித்துக்கொண்டது. ராஜாவால் எழ முடியவில்லை. அவனைச் சாக்கோடு இழுத்து வந்து தன் அறையில், கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டுப் பிச்சைமுத்துவுக்குப் போன் அடித்தாள்.

"நாப்பது நாளும் ஆச்சுண்ணே. நிக்கக்கூட முடியல அவனுக்கு."

"சூடம் எதும் கொளுத்துனீங்களா?"

"வீட்டுல ஒரு வில்லை கெடையாதுலா."

"அப்ப மருந்து உள்ள போகலக்கா. நாக்குலதான் கொட்டுறீங்களா?"

"நாக்குலதான். தெனம் அவனே வந்து நீட்டுறான்."

அவர், இருபது வருடமாக மருந்து கொடுக்கிறேன், நோய் கண்ட நாய் தானாக வந்து நாக்கு நீட்டி நான் பார்த்ததில்லை என்று இழுத்தார். நவமணிக்கு ஆத்திரம் பொங்கியது. இனி இவரோடு பேச்சே இல்லை, ஞாயிற்றுக்கிழமை சுகுமாரன் வந்ததும் ஈப்போதான் என்று போனை வைத்தாள். போத்தலில் மிச்சமிருப்பதை இன்றோடு முடித்துவிடலாம் என்று மட்டும் நினைத்துக்கொண்டாள்.

ஏழு மணிக்கு மழை விட்டது. கூரையிலிருந்து சொட்டுகிற சத்தமும், செம்பனைக் காட்டிலிருந்து வருகிற ஊறிய மட்டை வாடையும், அதற்கு அடியில் இத்தனை நாளாக ராஜாவின் புண் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்த ஒரு ஈர நாற்றமும் பின்கட்டில் நிறைந்திருந்தன. ராஜாவுக்கு உருண்டைகளை மூடியில் கொட்டினாள். நாலு. நாற்பது நாள் பழக்கம், கால் அறைக்குப் போகாமல் பின்வாசலுக்கு நடந்தது.

ஓட்டையில் நாக்கு காத்திருந்தது.

"வந்துட்டியா" என்று குனிந்தாள்.

பின்னால், அறைக்குள், ராஜா முனகினான்.

நவமணி குனிந்தபடியே நின்றாள். மறுபடி முனகல். கட்டிலுக்குப் பக்கத்திலிருந்து. சாக்கின் மேலிருந்து.

நாக்கில் மழை ஈரம் இல்லை. மூச்சு இரைக்கவில்லை. சிமெண்டில் நகம் கீறும் சத்தம் இல்லை. ஒரு நாளும் கேட்டதில்லை.

அப்படியென்றால் ராஜாவுக்கு ஒரு உருண்டைகூடப் போகவில்லை. நாற்பது நாளும்.

சூடம். பின்வாசல் படியில் ஏற்ற ஒரு வில்லை இருந்தால் போதும். ஒன்றுகூட இல்லை.

நாக்கு ஓட்டைக்குள் மெதுவாக உள்வாங்கியது. தகரத்துக்கு அந்தப் பக்கம் ஏதோ எழுந்தது. எழுந்துகொண்டே இருந்தது. கம்பி உயரம் வந்தது. அவள் முகத்துக்கு நேராக வந்து நின்றது.

வாய் திறந்தது.

உள்ளே அத்தனை உருண்டைகளும் இருந்தன. கரையாமல். வெள்ளையாக. ஈறில் வரிசை வரிசையாக நட்டு வைத்த பல் போல. முன்வரிசையில் மட்டும் நாலு பல்லுக்கு இடம் காலியாக இருந்தது.

கம்பிகளுக்கு நடுவே நாக்கு நீண்டு, அவள் கையிலிருந்த மூடியின் விளிம்பில் வந்து அமர்ந்தது.