யாருன்னு மட்டும் சொல்லு

கொளஞ்சிநாதனுக்குக் கருமாதி முடிந்த மறுநாள் காலையில், சூப்பர்வைசர் கோவிந்தசாமியின் சம்சாரம் செராமிக் கம்பெனி வாசலில் வந்து நின்று அவருக்கு லீவு சொன்னாள்.

“தாடை நவுந்துபோச்சுங்க. சோறு தின்ன குந்துனாரு. யாரோ ஓங்கி அறைஞ்சாப்புல சாஞ்சிட்டாரு. சுத்தி ஒரு ஆளு இல்லிங்க.”

ஃப்யூஸ் கட்டைகளைப் பளபளப்புக் கலவையில் முக்கி எடுத்துக்கொண்டிருந்த விருத்தகிரிக்குக் கை அப்படியே நின்றது. முந்தின நாள் கருமாதிக்காக அரைநாள் லீவு கேட்கப் போனபோது, அத்தனை பேர் நடுவில் அவர் கேட்டிருந்தார்: “பதினாறு நாளா அழுவற. அவன் என்ன உன் பொண்டாட்டியாய்யா?” விருத்தகிரி தலையைக் குனிந்துகொண்டான். உள்ளுக்குள் மட்டும் ஏதோ பற்றி எரிந்தது.

ஒன்றாம் வகுப்பிலிருந்து அவர்கள் இரண்டு பேரும் ஒன்றாகத் திரிந்தவர்கள். விருத்தகிரி ஒல்லி, குரல் உயர்த்தத் தெரியாதவன். கொளஞ்சி அப்படியே நேர்மாறு. மூன்றாம் வகுப்பில் விருத்தகிரியின் தலையில் சிலேட்டை உடைத்தவனுக்கு இன்றைக்கும் ஒரு காது பாதிதான். மீதியைக் கொளஞ்சி கடித்துத் துப்பிவிட்டான். விருத்தகிரியின் கல்யாணப் பந்தியில் அவனைக் கேலி பேசிய, மணப்பெண் ஆண்டாளின் பெரியப்பா மகனை நாலு பேர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். வளர்ந்து, இரண்டு பேரும் ஒரே வாரத்தில் கம்பெனியில் சேர்ந்து, கொளஞ்சி சூளைக்குச் சரக்கு அடுக்கப் போன பிறகும் அது மாறவில்லை. விருத்தகிரியின் முகம் கொஞ்சம் வாடினால் போதும், பீடி நாற்றமும் சூளைச் சூடும் சேர்ந்து பக்கத்தில் வந்து நிற்கும்.

“யாருன்னு மட்டும் சொல்லு மாப்ள.”

ஏன் என்று கேட்கமாட்டான். விருத்தகிரியும் சொல்லிவிடுவான். தப்பு தன்மேல் இருந்தபோதும் சொல்லியிருக்கிறான். அடிபட்டவன் நொண்டிக்கொண்டு போவதைப் பார்த்து ராத்திரி நிம்மதியாகத் தூங்கியும் இருக்கிறான். அதை யாரிடமும் சொன்னதில்லை.

அந்தக் கொளஞ்சியைத்தான் வேப்பூர் கூட்ரோட்டில் லாரி அடித்துப் போட்டுவிட்டது.

சூப்பர்வைசருக்குத் தாடை நகர்ந்து இரண்டு நாள் கழித்து, விருத்தகிரி கம்மாபுரத்துக்குப் போக பஸ் ஏறினான். படியில் நின்றவனைக் கண்டக்டர் நெஞ்சில் கைவைத்து வெளியே தள்ளினான். ரோட்டில் விழுந்து நிமிர்ந்து பார்த்தபோது, நகரும் பஸ்ஸின் படியில் கண்டக்டரின் கை பின்பக்கமாக முறுகிக்கொண்டிருந்தது. தோளிலிருந்து அது கழன்ற சத்தம் கேட்டது. பிறகு அவன் முகங்குப்புறத் தாரில் விழுந்தான். பின்சக்கரம் ஒரு காலின்மேல் ஏறி இறங்கியது. டீசல் புகைக்கு நடுவே, மூக்கைத் துளைத்துக்கொண்டு, பீடி நாற்றம்.

இந்த முறை விருத்தகிரி யாரிடமும் பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதில்லை என்று அப்போதுதான் புரிந்தது. மனசில் கோபம் வந்தாலே போதும்.

அதிலிருந்து தன் மனசைக் கண்டே நடுங்கினான். வேலைக்குப் போகவில்லை. சேற்றை வாரி அடித்துவிட்டுப் போன வண்டிக்காரனைப் பார்த்து, “பரவால்லைங்க, பரவால்லைங்க” என்று கும்பிட்டான். நாயைப் பார்த்துச் சிரித்தான்.

நாலாம் நாள் விளக்கு வைக்கும் நேரம். சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. கவர்மெண்டு கொடுத்த கலர் டிவி. அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த ஆண்டாள் திரும்பிப் பார்க்காமலே பேசினாள்.

“வூட்டுலயே குந்திக்கினு இருந்தா அடுப்பு எரியுமாங்க? அந்த ரவுடி செத்தது ஊருக்கே நிம்மதி. அவன்கூடவே நீங்களும் போயிருக்கலாம்.”

ஒரு கண் சிமிட்டும் நேரம். அவ்வளவுதான் அவனுக்குக் கோபம் வந்தது.

டிவியில் வாய்கள் அசைந்தன. சத்தம் இல்லை. பீடி நாற்றம் வாசலில் ஏறி, கூடத்தைத் தாண்டி, அவனையும் உரசிக்கொண்டு உள்ளே போனது.

“இல்ல மாப்ள. எனக்கு ஒண்ணும் கோவம் இல்லடா. நல்லவடா அவ.”

“யாருகிட்ட பேசறீங்க?”

ஆண்டாள் கேட்டு முடிக்கவில்லை. அவள் கொண்டை அவிழ்ந்தது. மயிர் மொத்தமும் ஒரு பிடியாக மேலே விறைத்து நின்றது. உட்கார்ந்தபடியே அவள் சுவருக்கு இழுபட்டுப் போனாள்.

ஒரு மோதல்.

இன்னொன்று.

சுவரில் சிவப்பாக ஒட்டியது. விருத்தகிரி பாய்ந்து அவள் தலையைக் கட்டிக்கொண்டான். அவன் விரல்களுக்குள் ஒரு முன்கை தட்டுப்பட்டது. முடியடர்ந்த முன்கை. சூளைச் சுவர் மாதிரிச் சுட்டது. அசைக்க முடியவில்லை.

“வுடுடா! யப்பா, வுட்டுடுடா!”

காதோரம் மூச்சு.

“யாருன்னு மட்டும் சொல்லு மாப்ள.”

நாற்பது வருசப் பழக்கம். நாக்கு நுனிக்கு ஒரு பெயர் தானாக வந்தது. யாரோ ஒருவன் பெயர். சொன்னால் ஆண்டாள் பிழைப்பாள். விருத்தகிரி அதை எச்சிலோடு விழுங்கினான்.

“நான்தான்டா. விருத்தகிரி. எல்லாத்துக்கும் நான்தான்.”

பிடி விட்டது. ஆண்டாள் சரிந்து விழுந்தாள்.

அப்புறம், வெகு பக்கத்தில், ஒரு விசும்பல். கொளஞ்சி அழுது அவன் பார்த்ததே இல்லை. குழந்தை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதான். சுடுகிற உள்ளங்கை ஒன்று விருத்தகிரியின் கன்னத்தைத் தடவியது. கண்ணீரைத் துடைத்துவிட்டது. மெல்லக் கீழிறங்கிக் கழுத்தைச் சுற்றியது.

அழுகை நிற்கவில்லை. பிடி இறுகியது.

ரத்தம் வழியும் கண்ணோடு ஆண்டாள் அவன் காலையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுக்குக் குனிந்து பார்க்க முடியவில்லை. குதிகால் தரையை விட்டது.

பிறகு, பெருவிரலும்.