தரையில் வைத்த சுருக்குப்பை

ஆறு பேரைக் கேட்டாயிற்று. ஆறு பேரும் "குணமாயிடுச்சு" என்றே சொன்னார்கள். அதில் மூன்று பேர் ரயிலடி ஆசுபத்திரியில் கால் எலும்பைச் சேர்த்துக்கொண்டவர்கள். மற்ற மூவர் மலையடி ஆசுபத்திரியில். அப்படியானால் அத்தையை எங்கே கொண்டுபோவது? சோளம் இடித்துக்கொண்டிருந்த முத்தாயம்மாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மேட்டூர் அணை கட்டி முடித்த வருசம் அது. மாமியார் பொன்னாத்தாள் கிணற்றுமேட்டில் விழுந்து தொடை எலும்பு முறிந்து ஐந்து மாதம். உள்ளூர் வைத்தியர் கட்டியதில் எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. மறுபடி உடைத்துத்தான் நேராகச் சேர்க்க வேண்டுமாம்.

"பத்து நாளா ஊரு ஊராச் சுத்தறயே, எங்கம்மா எந்திரிக்கக் கூடாதுன்னு நாளக் கடத்தறயா?" நாத்தனார் பெருமாயி காலையிலேயே ஆரம்பித்தாள். "ரயிலடியில ஒருத்தரும் செத்ததில்ல. மலையடியில போன வருசம் ஒருத்தி போய்ச் சேந்துட்டா. இதுல யோசிக்க என்ன இருக்குது?"

"இல்லீங்க நங்கை…"

"அவ யோசிப்பா. நான் படுத்தே கெடந்தா ஊட்டுச் சாவி அவ இடுப்புலதான…" உள்ளேயிருந்து பொன்னாத்தாள் சொன்னாள்.

முத்தாயம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உலக்கையைச் சாத்தினாள். தினமும் அத்தையை வெளிக்குப் போகக் காட்டுப்பக்கம் தாங்கிப் போகிறவள் அவள்தான். உட்காரவும் எழவும் அவள் கை வேண்டும். அந்த நேரத்தில் அத்தை கண்களை இறுக மூடிக்கொள்வாள்.

ஏழாவதாக அன்று காளியண்ணனைப் பார்த்தாள். ரயிலடியில் காலைக் கட்டிக்கொண்டவர்.

"நல்லாக் குணமாயிடுச்சு சாமி. சந்தைக்கு நடந்தே போறேன்."

பேசும்போதே அவருடைய சுருக்குப்பை தரையில் விழுந்தது. தூணைப் பிடித்து, ஒரு காலைக் கட்டைபோல் பின்னால் நீட்டி, சாய்ந்து எடுத்தார்.

"ஏனுங்க மாமா, குந்த வராதுங்களா?"

"மூணு மாசம் அசையாமக் கட்டி வெச்சா முட்டி இறுகிப்போயிருமல்லொ? நடக்கறேன், போதாதா?"

முத்தாயம்மாள் மறுபடி ஆறு வீட்டுக்கும் நடந்தாள். ஒவ்வொரு வீட்டிலும் தன் சுருக்குப்பையைத் தரையில் நழுவ விட்டாள். ரயிலடிக்காரர்கள் மூவரும் காலை நீட்டினார்கள். மலையடிக்காரர்களில் இருவர் முழுக்கக் குந்தி எடுத்தார்கள்; ஒருவர் பாதி. அங்கே காலில் எடையைக் கட்டி இழுத்துவைத்து, எலும்பு கூடக் கூட முட்டியைத் தினமும் கொஞ்சம் மடக்கிப் பழக்குகிறார்களாம்.

மூன்றாம் நாள் மாலை அத்தையின் கட்டிலருகே உட்கார்ந்தாள்.

"ரயிலடியில உசுருக்குப் பயமில்லீங்க அத்தை, ஆனாக் குந்த வராது. மலையடியில குந்த வரும். ஆனா ஒருத்தி செத்ததும் நெசந்தானுங்க, எதனாலன்னு எனக்குத் தெரியல. நீங்கதான் சொல்லோணும்."

பொன்னாத்தாள் மருமகளின் வெடித்த குதிகாலையே பார்த்தாள்.

"இதுக்கா இத்தன நடை நடந்த… ஒருத்தி கையப் புடிக்காம நான் காட்டுக்குப் போய்ட்டு வரோணும் சாமி. அது போதும். மலையடிக்கே போலாம்." மருமகளின் கையை இழுத்து முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். பெருமாயி தலை குனிந்து, முத்தாயம்மாளுக்குக் கால் கழுவத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

பொன்னாத்தாள் மலையடியிலிருந்து கால் கூடித் திரும்பிய தை மாதம், பக்கத்து வீட்டு அங்கம்மாள் தன் புருசனின் முறிந்த காலுக்கு எந்த ஆசுபத்திரி நல்லது என்று கேட்டு வந்தாள். பொன்னாத்தாள் சுருக்குப்பையைத் தரையில் வைத்தாள், யாரையும் பிடிக்காமல் குந்தி எடுத்தாள், எழுந்தாள்.

"எம் மருமக கண்டுபுடிச்சது இது. பொழச்சு வந்தவங்க எத்தனை பேருன்னு கேளு. ஆனாக் குணமான்னு கேக்காத. தரையில ஒண்ண வெச்சு எடுக்கச் சொல்லிப் பாரு. அதுக்கும் முன்னால, எது முடிஞ்சாப் போதும்னு உம் புருசனையே கேளு."