ஓசியில் வந்த கார்டு

அப்பா துணிக்கடைக்காரர். வேறு கடைக்குப் போனால் கொசுறு வாங்காமல் படியிறங்க மாட்டார். கேமரா வாங்கிய கடையில் ஒரு மணி நேரம் பேசி, மெமரி கார்டை ஓசியிலேயே வாங்கிவிட்டார்.

"கடைக்காரர் முகத்தைப் பாத்தீங்களா? அழாத குறை," என்று வழியெல்லாம் சிரித்தார்.

கடைக்காரர் ஏன் அழவில்லை என்பது தீவுக்குப் போன அன்று மத்தியானம்தான் தெரிந்தது. கேமராவின் திரையில் 'கார்டு நிறைந்துவிட்டது' என்று வந்து நின்றது. ஓசிக் கார்டில் மொத்தமே நாற்பது படம்தான் பிடிக்குமாம்.

கேமரா அப்போது குண்டூசியின் கையில் இருந்தது. குண்டூசி என்பது இளைய மகளுக்கு வீட்டில் வைத்த பட்டப்பெயர். ஆள் ஒல்லி, பேச்சு கூர்மை, வயது பத்து. இந்தத் தீவுக்கு வந்ததே கலங்கரை விளக்கத்தைப் பார்க்கத்தான். அதை இன்னும் ஒரு படம்கூட எடுக்கவில்லை.

உண்மையில் இது அக்காவின் பயணம். நூலகப் புத்தகத்தைப் பார்த்து அந்தக் கலங்கரை விளக்கத்தை எட்டு முறை வரைந்தவள் அவள்தான். படகு நேரத்தை விசாரித்து வைத்தவளும் அவள்தான். கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது சைக்கிளிலிருந்து விழுந்து, காலில் மாவுக்கட்டோடு படுத்துவிட்டாள். இப்போது அத்தை துணைக்கு இருக்கிறார்.

"நீங்க போயிட்டு வாங்க, எனக்குப் படம் போதும்," என்று எல்லோரிடமும் பெருந்தன்மையாகச் சொன்னவள், குண்டூசியை மட்டும் பக்கத்தில் இழுத்தாள். "பாத்தா நானே ஏறின மாதிரி இருக்கணும்டி. இல்லன்னா உன்கூடப் பேச மாட்டேன்."

குண்டூசி கேமராவில் இருந்த படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். எதைக் கண்டாலும் அதன் முன்னால் மூன்று பேரும் வரிசையாக நிற்க வேண்டும் என்பது அப்பாவின் சட்டம். போகிறவர் வருகிறவர் கையில் கேமராவைத் திணித்துவிடுவார். படகு முன்னால் வரிசை. டிக்கெட் கவுண்டர் முன்னால் வரிசை. ஒரு படத்தில் அம்மாவின் தலையிலிருந்து விளக்குக் கம்பம் முளைத்திருந்தது.

"அப்பா, எல்லார் மூஞ்சியும் கரிக்கட்டையா இருக்கு."

"அது கேமராவோட கோளாறு."

"கடையில துணிய எங்க வச்சுக் காட்டுவீங்க?"

"வாசல்ல. மேல வெளிச்சம் விழுந்தாத்தானே நெறம் தெரியும்."

"அப்ப நாம மட்டும் ஏன் சூரியனுக்கு முதுகைக் காட்டிட்டு நிக்கிறோம்?"

அப்பா திரும்பிச் சூரியனைப் பார்த்தார்.

"துணிய தூரத்துல நின்னு காட்டுவீங்களா?"

"யார் வாங்குவா? கையில குடுத்துத் தடவிப் பாக்கச் சொல்லணும்."

"நம்ம படத்துல நாம எறும்பு மாதிரி இருக்கோம்."

அம்மா சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அப்பா, பழசுல கொஞ்சம் அழிச்சுக்கிறேன். இருபது குடுங்க."

"ரெண்டு."

"படகு முன்னால மட்டும் ஒம்பது இருக்குப்பா. பதினெட்டு?"

"நாலு. அதுக்கு மேல கட்டுப்படியாகாது."

குண்டூசி கேமராவை மூடி உறையில் போட்டாள். "சரி, வேண்டாம். அக்கா கேட்டா, நீங்க படகு முன்னால நின்ன ஒம்பது படத்தையும் காட்டிக்கிறேன்." திரும்பி நடக்கத் தொடங்கினாள்.

பத்தடி போயிருப்பாள்.

"ஏய், நில்லு. இருபதே எடுத்துக்கோ," என்றார் அப்பா. கடையில் வாடிக்கையாளர்கள் இப்படி எழுந்து போகும்போது அவர் கூப்பிடும் அதே குரல். "கொசுறா அந்த டிக்கெட் கவுண்டரையும் அழிச்சுக்கோ."

இருபத்தொரு படம். திரும்பும் படகுக்கு இரண்டு மணி நேரம். குண்டூசி ஓடினாள்.

கலங்கரை விளக்கத்தின் அடியில் மல்லாந்து படுத்து, அது வானத்தில் குத்தி நிற்பதை எடுத்தாள். சூரியன் எந்தப் பக்கம் என்று பார்த்து, வெளிச்சம் விழும் பக்கமே போய் நின்று, உரிந்த சிவப்புச் சாயத்தைத் தொட்டுவிடும் தூரத்தில் எடுத்தாள். வாயிற்காவலர் கதவுப் பூட்டில் சாவியை நுழைக்கும்வரை காத்திருந்து, அவர் கையை மட்டும் எடுத்தாள்.

உள்ளே சுருள் படிகள். இருட்டில் படம் கலங்காமல் இருக்க வேண்டும். கேமராவைப் படியிலேயே வைத்து அழுத்தினாள். அம்மா நடுவில் உட்கார்ந்து, "இன்னும் எத்தனை படிடி?" என்று கேட்கும் முகம், அதன்மேல் ஜன்னல் வெளிச்சம். உச்சியில் ஆள் உயரக் கண்ணாடி விளக்கு, அதில் தலைகீழாகக் குண்டூசி. காற்று தொப்பியைப் பறிக்க, அப்பா அதைப் பிடிக்கத் தாவிய படம்தான் இருபத்தொன்றாவது.

"இரு, நான் நேரா நிக்கலையே," என்றார் அப்பா.

"அதனாலதான் எடுத்தேன்."

மறுநாள் காலை அக்காவின் கட்டிலைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்தார்கள். "மொதல்ல படகு முன்னால ஒண்ணு இருக்கு," என்று அப்பா ஆரம்பித்தார்.

"அப்புறம்பா," என்றாள் அக்கா.

பூட்டு திறந்தது. படி தொடங்கியது. அக்கா ஒவ்வொரு படமாக மெதுவாகத் தள்ளிக்கொண்டே போனாள். பாதியில் சட்டென்று நிறுத்திவிட்டாள்.

குண்டூசி எட்டிப் பார்த்தாள். "என்னக்கா, நல்லா இல்லையா?"

அக்கா தலையணையில் சாய்ந்தாள்.

"மூச்சு வாங்குதுடி. கொஞ்சம் உக்காந்துட்டு மேல போலாம்."

அம்மா தண்ணீர் எடுத்துவர எழுந்தாள்.